பாசிக் கூட்டமைப்பின் முதல் வெற்றி

அவளுடைய வேலை ஏரித் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பது. குடிநீர் ஆய்வகத்தின் பதிவேட்டில் அந்த வேலைக்கு ‘மாதிரி சேகரிப்பாளர், நிலை இரண்டு’ என்று பெயர். நிலை ஒன்று யார் என்பது பத்தொன்பது வருஷமாக அவளுக்குத் தெரியாது. அப்படி ஒருவர் இருந்ததாக வேறு யாரும் சொன்னதும் இல்லை. ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் பாட்டிலம்மா.

வாரம் ஒரு நாள் துடுப்புப் படகில் ஏரி நடுவுக்குப் போவாள். கயிற்றில் கட்டிய பாட்டிலை இறக்குவாள், தூக்குவாள், மூடுவாள், நேரம் எழுதுவாள். இதில் யோசிக்க ஒன்றும் கிடையாது. யோசிக்காமல் இருப்பது அவளுக்குப் பழகியும் போயிருந்தது.

அந்த வாரம் படகைத் தள்ளியதும் துடுப்பு பச்சையாக வெளியே வந்தது. பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துவிட்டு யாரோ ஓடிப்போன மாதிரி தண்ணீர் திட்டுத் திட்டாகக் கிடந்தது. புல் அழுகிய நாற்றம். கரையில் ஒரு நாய் செத்துக் கிடந்தது. அதன் வாயோரம் பச்சை காய்ந்திருந்தது. அவள் வழக்கம்போல் ஆறு பாட்டில் பிடித்தாள், நேரம் எழுதினாள். குறிப்பு என்ற இடத்தில் முதன்முறையாக ஏதோ எழுத வேண்டியிருந்தது. ‘பச்சை. நாய்.’ என்று எழுதினாள்.

ஆய்வகத்தில் நுண்ணோக்கி பார்ப்பவர் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்துக் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

“நீலப்பச்சைப் பாசி, பாட்டிலம்மா. அதுலயும் நஞ்சு விடற வகை. கல்லீரலைத்தான் முதல்ல பிடிக்கும். கொதிக்க வச்சாலும் போகாது.”

“அப்போ சொல்லணுமே.”

“சொல்லணும்தான்,” என்றார் அவர். “யார்கிட்ட?”

இருவருமாக மேலாளரிடம் போனார்கள். மேலாளர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். “தனியா ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது. முன்னே மாதிரி இல்ல இப்போ. கூட்டமைப்பு வந்தாச்சு.”

நன்னீர் நச்சுப் பாசிப் பெருக்க ஆய்வு மற்றும் ஒத்துழைப்புக் கூட்டமைப்பு என்பது அதன் முழுப்பெயர். பிறந்து ஒரு வருஷம் ஆகிறது. குடிநீர், சுகாதாரம், மீன்வளம், வேளாண்மை, சுற்றுலா, பல்கலைக்கழகம் ஆகிய ஆறும் அதில் உறுப்பு. ஏழாவதாக ஓர் அலுவலகமும் உண்டு. மற்ற ஆறும் ஒத்துழைக்கின்றனவா என்று பார்ப்பது அதன் வேலை. இதுவரை ஐந்து முறை கூடி ஒரு சின்னத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஒரு நீர்த்துளியை ஏழு கைகள் ஏந்துகிற சின்னம். வரைந்து முடித்தபோது ஏழு கைகளும் சேர்ந்து துளியை மறைத்துவிட்டன. அதனால் பரவாயில்லை என்று தீர்மானம் போட்டார்கள்.

“சார்,” என்றாள் பாட்டிலம்மா, “ஆஸ்பத்திரியில ரத்தம் சுத்தம் பண்ற மிஷினுக்கும் இந்தத் தண்ணிதான் போகுது.”

அவளுக்கு அது தெரிந்ததற்குக் காரணம் அவளுடைய அண்ணன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு வாரம் மூன்று நாள் அந்த மிஷினில் படுத்து எழுந்துவருகிறார். ஒரு தடவை படுத்தால் நூற்றிருபது லிட்டர் தண்ணீர் அவர் ரத்தத்துக்குப் பக்கத்தில் ஓடும். நடுவே இருப்பது காகிதத்தைவிட மெல்லிய ஒரு சவ்வு.

மேலாளர் தலையாட்டினார். “நல்ல பாயிண்ட். நிகழ்ச்சி நிரல்ல சேர்க்கச் சொல்றேன்.”

சேர்த்தார்கள். பதினான்காவதாக, ‘இதர’ என்ற தலைப்பின் கீழே.

ஒன்பது நாள் கழித்துக் கூட்டம் கூடியது. ஏரியை நேரில் பார்த்தவர் ஒருவராவது வேண்டும் என்று அவளையும் வரச்சொல்லியிருந்தார்கள். நீள மேஜை, ஏழு பெயர்ப்பலகை, ஒவ்வொன்றின் முன்னாலும் வெளியூரில் நிரப்பி மூடி வந்த தண்ணீர் பாட்டில். அவளுக்குச் சுவரோரமாக ஒரு நாற்காலி போட்டார்கள்.

தலைவர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். கடல்பாசியில் முனைவர் பட்டம். ஏரி என்ற விஷயத்துக்கு அவர் புதிது. எழுந்து நின்று பேசினார்.

“நண்பர்களே! இந்தப் பாசியை ஒரு பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். இது வந்திராவிட்டால் நாம் ஏழு பேரும் இன்று சந்தித்திருப்போமா? ஒத்துழைப்பின் மகத்துவம் என்ன? ஒருவர் தனியாகச் செய்தால் தவறு நேரலாம். ஏழு பேர் சேர்ந்து செய்தால் அந்தத் தவறு யாருடையது என்ற கேள்வியே எழாது. அந்த நம்பிக்கையில்தான் நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம்.”

கைதட்டினார்கள். பிறகு பெயரில் இறங்கினார்கள்.

“பெருக்கம்னு சொல்றதே நோய் மாதிரி இருக்கு,” என்றார் சுற்றுலாக்காரர். “உலகம் பூரா அறிஞருங்க இதை மலர்ச்சின்னுதான் சொல்றாங்க. நாம மட்டும் ஏன் பெருக்கம் கிருக்கம்னு? ‘ஏரி மலர்கிறது’ன்னு ஒரு பலகை வச்சா ஜனங்க குடும்பத்தோட வருவாங்க.”

பெருக்கம் மலர்ச்சி ஆனது. நச்சு என்ற சொல்லையும் தொடுவானேன் என்று பேச்சு வந்தது. அது ‘தன்மை முடிவு செய்யப்படாத’ என்று மாறியது. வேளாண்மைக்காரர் அறிக்கையின் வரைவைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“இதுல ‘வயல்களிலிருந்து உரம் அடித்து வரப்பட்டு’ன்னு ஒரு வரி இருக்கு. எங்க வயல் அப்படிப்பட்டது இல்ல. ‘ஊட்டம் ஏரியை வந்தடைந்தது’ன்னு போடுங்க. எங்கேருந்துன்னு கேக்கறது நாகரிகம் இல்ல.”

மீன்வளத்துறை அம்மையார் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க போய்ப் பார்த்தீங்களே, மீன் செத்திருந்துச்சா?”

“மிதந்துச்சுங்க மேடம்.”

“மிதக்கறது வேற, சாகறது வேற. மீன் எப்பவும் தண்ணியிலதான் இருக்கும். மிதந்தன-ன்னே எழுதிக்குங்க.”

பதிமூன்றாவது விஷயம் முடிந்தபோது மணி ஒன்று. ‘இதர’ அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. சுவரோர நாற்காலியிலிருந்து அவள் கையைத் தூக்கினாள். வருகைப் பதிவேடு கேட்கிறாள் என்று நினைத்து யாரோ அதை அவள் மடியில் வைத்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டாள்.

அவளுடைய ஆறு பாட்டிலையும் ஏழு துறையும் பங்கு போட்டுக்கொண்டன. மாதிரிப் பகிர்வு ஒப்பந்தம் என்று ஒன்று முதலில் தயாராக வேண்டியிருந்தது; அது தயாராகும்வரை பாட்டில்கள் ஜன்னலோரம் வெயிலில் நின்றன. புதிய மாதிரி எடுக்கிறேன் என்றாள். கூடாது, இரண்டு மாதிரி இருந்தால் இரண்டு முடிவு வரும், ஒத்துழைப்பு கெடும் என்றார் மேலாளர். படகைப் பூட்டி சாவியை வாங்கிக்கொண்டார்.

அண்ணன் வீடும் அவள் வீடும் ஒன்றுதான். மாடியில் அவள், கீழே அவர்கள். அந்த வாரம் மிஷினிலிருந்து வந்ததும் அண்ணன் குமட்டலோடு படுத்தார். தலை பிளக்கிறது என்றார். எதிர்ச்சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி இரண்டிரண்டாகத் தெரிகிறதாம்.

அவள் கட்டிலோரம் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். பாசி, நஞ்சு, கூட்டமைப்பு, பதினான்காவது விஷயம். அண்ணன் கண்ணை மூடியபடி கேட்டார்.

“மிஷினை நிறுத்தினா எனக்கு நாலு நாள், அஞ்சு நாள். ஓட்டினா உங்க கமிட்டி முடிவு பண்ற வரைக்கும். ரெண்டுல எது நீளம், பாப்பா?”

“கமிட்டிதான் நீளம், அண்ணா.”

“அப்போ ஓட்டிக்கலாம்.” அவருக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் தலை வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அண்ணி பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் போய் இடம் கேட்டுவிட்டு வந்தாள். ஐந்து மாதம் கழித்து வரச்சொன்னார்கள். பாட்டிலம்மா ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவுக்கே போய்த் தலைமை நர்ஸைப் பார்த்தாள். நர்ஸ் நல்லவள். அந்தப் பிரிவில் பன்னிரண்டு பேர் படுக்கிறார்கள், அதில் எட்டுப் பேர் வாந்தி எடுக்கிறார்கள் என்று அவளே சொன்னாள்.

“நீங்க சொல்றது எனக்குப் புரியுதும்மா. ஆழ்கிணத்துத் தண்ணியை லாரியில வரவழைக்கலாம், கரி வடிகட்டியை மாத்தலாம். ஒரே நாள் வேலை. ஆனா எழுத்துல வேணும். எழுத்துல இல்லாம நான் ஒரு குழாயைத் தொட முடியாது.”

“எழுத்து வந்தா?”

“வந்த மறுநிமிஷம் தொடுவேன்.”

பாசி பற்றிய இரண்டாவது கூட்டம் மேலும் எட்டு நாள் கழித்து. ஏழு ஆய்வகமும் ஏழு எண் கொடுத்திருந்தன. மூன்று எண்கள் பயங்கரமாக இருந்தன. இரண்டு சுமாராக இருந்தன. மீதி இரண்டும் பூஜ்யம். அந்த இரண்டு ஆய்வகங்களும் பாட்டிலைத் திறக்கவே இல்லை. திறக்காத பாட்டிலில் எதுவும் கண்டறியப்படவில்லை என்று நேர்மையாக எழுதியிருந்தார்கள். ஏழையும் கூட்டி வகுத்தபோது அனுமதிக்கப்பட்ட அளவுக்கு ஒரு மயிரிழை கீழே வந்து நின்றது.

“சராசரி பாதுகாப்பாக இருக்கிறது,” என்றார் தலைவர். அறையில் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

இந்தத் தடவை அவள் கையைத் தூக்கவில்லை. எழுந்தே நின்றுவிட்டாள். “சார், ஆஸ்பத்திரியில எட்டுப் பேர் வாந்தி எடுக்கறாங்க. என் அண்ணனும் ஒருத்தர். தண்ணியை மாத்தச் சொல்லி ஒரு காகிதம் குடுத்தா போதும்.”

எல்லோரும் சுகாதாரத்துறையைப் பார்த்தார்கள். சுகாதாரத்துறை குடிநீரைப் பார்த்தது.

“நோயாளி எங்களோடது. தண்ணி எங்களோடது இல்ல,” என்றார் சுகாதாரக்காரர்.

“குழாய்க்குள்ள இருக்கற வரைக்கும் தண்ணி எங்களோடது,” என்றார் குடிநீர்க்காரர். “மிஷினுக்குள்ள போயிட்டா அது மருத்துவம்.”

தலைவர் அவளைப் பரிவோடு பார்த்தார். “அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் எட்டுப் பேரின் வாந்தி என்பது தகவல், தரவு அல்ல. இன்னும் கொஞ்சம் பேர் பாதிக்கப்பட்டால் நமக்கு நல்ல தரவு கிடைக்கும். அதுவரை அவசரப்பட்டு யாரையும் காப்பாற்றிவிட்டால் ஆய்வின் அடிப்படையே போய்விடும்.”

அவர் மனதறிந்து பொல்லாதவர் அல்ல. கூட்டம் முடிந்ததும் அவளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்தனுப்பினார்.

ஆய்வகத்துக்குத் திரும்பியவள் நேரே தன் அலமாரியைத் திறந்தாள். கூட்டமைப்பின் முகவரித்தாள் கட்டு அங்கேதான் இருந்தது. அச்சகத்திலிருந்து வந்தபோது வேறு இடமில்லை என்று அவள் தலையில் கட்டியிருந்தார்கள். மேலே ஏழு கைச் சின்னம். கீழே கையெழுத்துக்கு ஏழு கோடு. அவள் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். என்ன எழுதுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. இரண்டு கூட்டம் உட்கார்ந்து கேட்டதில் அந்தப் பாஷை தானாக விரலுக்கு வந்தது.

‘சுற்றறிக்கை எண் 1. தன்மை முடிவு செய்யப்படாத மலர்ச்சியை முன்னிட்டு, இடைக்கால முன்னெச்சரிக்கையாக, மறு உத்தரவு வரும்வரை, ரத்தச் சுத்திகரிப்புப் பிரிவுக்கு ஏரிநீர் பயன்படுத்துவது ஒத்திவைக்கப்படுகிறது. ஆழ்கிணற்று நீர் ஏற்பாடு செய்யப்படும்.’

கீழே ஏழு கோட்டிலும் ஏழு கிறுக்கல் போட்டாள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாய்வில். பாட்டில் மூடியைத் திருகுவது போலத்தான் இருந்தது.

தலைமை நர்ஸ் காகிதத்தை இரண்டு தடவை படித்தாள். முறைப்படி ஏழு துறைக்கும் போன் போட்டுக் கேட்டாள். இப்படி ஒரு சுற்றறிக்கை உண்டா என்று கேட்டதும் ஒவ்வொருவரும் ஒரு கணம் தயங்கினார்கள். மற்ற ஆறு பேருக்கும் தெரிந்த விஷயம் தனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? “ஆமாம், ஆமாம், எங்க ஒப்புதலோடதான்,” என்றார்கள் ஏழு பேரும். சுற்றுலாக்காரர் மட்டும், வரைவை எழுதியதே தான்தான் என்று சேர்த்துச் சொன்னாராம்.

அன்று மாலையே லாரி வந்தது. வடிகட்டி மாறியது. அதற்குள் பன்னிரண்டு பேருக்குமே வாந்தி வந்திருந்தது; அதில் பதினொரு பேர் நாலைந்து நாளில் தேறிவிட்டார்கள்.

பாட்டிலம்மாவின் அண்ணன் தேறவில்லை. லாரி வந்த மூன்றாம் நாள் கண் மஞ்சளாகி, ஆள் அடையாளம் தெரியாமல், பஸ் நிறுத்தங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போய்விட்டார். அண்ணி அலறினாள். பாட்டிலம்மா மரம்போல நின்றாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மணி பத்து நாற்பது என்று மனதுக்குள் குறித்துக்கொண்டாள். அதற்கு மேல் உள்ளே ஒன்றும் எழவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் மூன்றாவது கூட்டம். மேஜைமேல் பூங்கொத்து வைத்திருந்தார்கள். சுவரில் பதாகை: ‘கூட்டமைப்பின் முதல் வெற்றி’. ஏழு துறைக்கும் ஏழு உரை. குடிநீர்க்காரர், சுற்றறிக்கையின் கருத்து தம் துறையில் உதித்தது என்றார். சுகாதாரக்காரர், அது உதித்த இடத்தை விடுங்கள், வளர்ந்தது எங்களிடம் என்றார். ‘ஒத்திவைக்கப்படுகிறது’ என்ற சொல்லாட்சியைத் தலைவர் மனமாரப் பாராட்டினார். பிறகு அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தார்.

“பாதிப்பு: பதினொருவருக்கு லேசான உபாதை. ஒருவர் மறைவு. அவர் ஏற்கெனவே நோயாளி என்பதால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.”

நோயாளியாக இல்லாதவர் அந்த மிஷினில் எதற்காகப் போய்ப் படுக்கிறார் என்று அறையில் யாருக்கும் தோன்றவில்லை.

பாட்டிலம்மா எழுந்தாள். “அந்தச் சுற்றறிக்கையை நான்தான் எழுதினேன்.”

“எல்லோரும் சேர்ந்து எழுதியதுதானே அம்மா,” என்றார் தலைவர்.

“இல்ல சார். நான் மட்டும். ஏழு கையெழுத்தும் என்னோடது. போலி.” அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. “லேட்டாப் போட்டேன். முதல் கூட்டத்தன்னிக்கே போட்டிருக்கணும். அன்னிக்கே தாளும் அலமாரியிலதான் இருந்துச்சு. பெரியவங்க பேசறீங்களே, பேசி முடிக்கட்டும்னு எட்டு நாள் உக்காந்துட்டேன். அந்த ஒருத்தர் என் அண்ணன்.”

போலீஸைக் கூப்பிடுவார்கள், வேலையை விட்டுத் துரத்துவார்கள், ஒருவராவது எழுந்து நாலு வார்த்தை கேட்பார் என்று அவள் நின்றாள். அதற்காகத்தான் எழுந்ததே.

தலைவரின் கண்கள் பனித்தன. “பார்த்தீர்களா!” என்றார். “கடைநிலை ஊழியர்வரை இந்தச் சுற்றறிக்கையைத் தன்னுடையதாகவே உணர்கிறார். சொந்தத் துக்கத்தில்கூட! இதற்குப் பெயர்தான் பங்கேற்பு.”

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மேலாளர் பூங்கொத்திலிருந்து ஒரு பூவை உருவி அவளிடம் கொடுத்தார். கூட்டக் குறிப்பில், ‘மாதிரி சேகரிப்பாளர் தம் பங்களிப்பை எடுத்துரைத்தார், குறித்துக்கொள்ளப்பட்டது’ என்று பதிந்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது அண்ணி அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன சொன்னாங்க?”

“கை தட்டினாங்க, அண்ணி.”

அண்ணி கரண்டியால் பாத்திரத்தைத் தட்டினாள். “மிஷினுக்குத்தானே லாரித் தண்ணி. நமக்கு இதே குழாய்தான் வருது. பத்து நிமிஷம் கொதிக்கவிட்டா போயிடுமில்ல?”

“போகாது.”

“அப்போ ஊர்ல எல்லாரும் இதைத்தான் குடிக்கறாங்களா?”

பாட்டிலம்மா அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கொட்டினாள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் ஆய்வகம் போய் சுற்றறிக்கை எண் 2 அடித்தாள். இந்தத் தடவை ஊருக்கு. ஏரியிலிருந்து குழாய்நீர் விநியோகம் ஒத்திவைக்கப்படுகிறது; தெருவுக்குத் தெரு லாரி. ஏழு கிறுக்கல். நீரேற்று நிலையத்துக்குத் தானே எடுத்துப்போனாள்.

பம்ப் இயக்குபவர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். “ஏழு கையெழுத்தா? ரெண்டு இருந்தாலே நிறுத்திடுவேனே,” என்று சொல்லி நெம்புகோலை இறக்கினார்.

பம்பை நிறுத்தச் சொன்னது யார் என்று விசாரிக்கக் கூட்டமைப்பு கூடியது. கூடிய வேகத்திலேயே அதை இரண்டாவது வெற்றியாக அறிவித்தது.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பாட்டிலம்மா வீட்டுக் குழாய் இரண்டு இருமல் இருமி நின்றது. தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. குடமும் வாளியுமாக ஆட்கள் வெளியே வந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் தலையில் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு நடுத்தெருவில் நின்று கத்தினார்.

“எவன் நிறுத்தினான்? முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? மண்டையில மூளைன்னு ஒண்ணு இருக்கா அவனுக்கு?”

பாட்டிலம்மா வாசலுக்கு வந்தாள். அவர் அவளைப் பார்த்துவிட்டார். “நீங்க அந்த ஆபீஸ்தானே? யார் பண்ணின வேலை இது?”

“நான்தான் பண்ணினேன்,” என்றாள்.

அவர் அதை நம்பினார். யாரையும் கலந்து பேசாமல், தரவு கேட்காமல், அப்படியே நம்பினார். கிட்டே வந்து, முகத்துக்கு நேரே விரலை நீட்டித் திட்ட ஆரம்பித்தார். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, படுத்த படுக்கையாக ஆள் இருக்கிறார், நீ யார் தண்ணீரை நிறுத்த, உனக்கு யார் அந்த அதிகாரம் கொடுத்தது, மனுஷ உயிர் என்றால் உனக்கு விளையாட்டா? சோப்பு நுரை அவர் கண்ணில் இறங்கியது. அவர் நிறுத்தவில்லை.

கண்ணிலிருந்து ஏதோ வழிவது அவளுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அண்ணி உள்ளேயிருந்து ஓடிவந்து குறுக்கே நின்றாள். “என்ன சார் இது, துக்க வீட்ல வந்து...”

அவள் அண்ணியின் தோளைத் தொட்டு ஒதுக்கினாள்.

“இருங்க அண்ணி. அவர் திட்டி முடிக்கட்டும்.”